எந்திரிச்சா கண்ணு இருட்டுதா?



தேவாரத்தில் ஒரு குழுக் கூட்டம். ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, சேமிப்புப் பணம் கட்டச் சட்டென்று எழுந்தார். "கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்று சுவரைப் பிடித்துச் சாய்ந்துவிட்டார். "பித்தம்" என்றார் ஒருவர். "லோ பிரஷர், மோர்ல உப்பு அள்ளிப் போட்டுக் குடு" என்றார் இன்னொருவர். விசாரித்தால், அக்கா ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்! கொதிப்பு இருக்கிறவருக்கு எப்படி பிரஷர் குறையும்?

குறையும். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டர் அளவுக்கு ரத்தம் வயிறு, கால் பக்கம் இறங்கும். உடனே ரத்தக் குழாய்கள் இறுகி, இதயம் வேகமாகத் துடித்து, ரத்தத்தை மூளைக்கு ஏற்ற வேண்டும். அது தாமதமானால் கிறுகிறுப்புதான். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் பிரஷரின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவர்கள் அதைக் கணக்கில் எடுப்பார்கள்.

ரத்தசோகை, நாள்பட்ட சர்க்கரை, நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை, கூட்டிக் கொடுத்த பிரஷர் மாத்திரை என்று காரணம் பல. நாங்கள் அதிகம் பார்ப்பது தண்ணீர் குடிக்காததைத்தான். விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களும், திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களும் சொல்வது ஒன்றே: "ஒதுங்க இடமில்ல, அதான் குடிக்கிறதில்ல." இது உங்கள் தப்பு இல்லை. கழிப்பறை வேண்டுமென்று தனியாகக் கேட்பதைவிடக் குழுவாகக் கேளுங்கள்.

அந்த அக்கா செய்த தப்பு வேறு. தலை சுத்துதுன்னு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டிருக்கிறார். நாமாக நிறுத்தினால் பிரஷர் எகிறிப் பக்கவாதம் வரை போகலாம். உப்பைக் கூட்டுவதும் அவருக்கு ஆகாது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபின் நம்மில் பலருக்கு மாத்திரை வீட்டுக்கே கிடைத்தது. நல்லதுதான். ஆனால் மாத்திரை கைக்கு வருகிறதென்று டாக்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில், "உட்கார்ந்து ஒரு தடவை, நின்னு ஒரு தடவை பிரஷர் பாருங்க" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மாத்திரையைக் குறைப்பதோ மாற்றுவதோ டாக்டர் வேலை.

படுக்கையிலிருந்து எழும்போது கொஞ்சம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு எழுங்கள். கிறுகிறுத்தால் அடுப்படியோ கிணற்றடியோ, அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். நினைவு தப்பினாலோ, நெஞ்சு வலித்தாலோ, வாய் கோணினாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, தீட்டு அதிகமாகப் பட்டாலோ உடனே ஆஸ்பத்திரிதான். கர்ப்பிணிகள் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு மாத்திரை அட்டையை எடுத்து வாருங்கள். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டுமென்று ஒரு தாளில் எழுதித் தருகிறோம்.