சடங்கு அறியாமையின் பிள்ளையா?

கேள்வி: சடங்குகள் எல்லாம் அறிவு வளராத காலத்து மனிதர்களின் அறியாமையில் பிறந்தவைதானே? மானுடவியல் என்ன சொல்கிறது?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: இல்லை என்பதே என் பதில். முதல் உலகப்போர்க் காலத்தில் நியூகினிக்குக் கிழக்கே உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளுக்குப் போனார் போலந்தில் பிறந்த மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி. ஊருக்குள்ளேயே கூடாரம் அடித்துத் தங்கி, அம்மக்களின் மொழியைக் கற்றார். அவர் கவனித்த ஒன்று இன்றும் என்னை வியக்க வைக்கிறது. அமைதியான காயலில் அவர்கள் வேர் நஞ்சைக் கலந்து மீன் பிடிப்பார்கள். ஆபத்தில்லை, மீனும் நிச்சயம். அங்கே மந்திரம் கிடையாது. அதே ஆட்கள் திறந்த கடலுக்குப் புறப்படும்போதோ விரிவான சடங்குகள் செய்தார்கள். தோட்டத்திலும் அப்படித்தான். மண்ணின் தன்மை, விதைக்கிழங்கு, களையெடுப்பு எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மந்திரத்தை நம்பிக் களையெடுக்காமல் யாரும் இருந்ததில்லை. மழையும் பூச்சியும்போலத் தங்கள் கைக்கு மீறியவற்றுக்கே மந்திரம்.

ஆக, அறிவும் உழைப்பும் முடிகிற எல்லையில், அச்சத்தைத் தாங்கிக்கொள்ளச் சடங்கு வருகிறது என்றார் அவர். அந்தமானில் ஆய்வு செய்த இன்னொரு மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1939இல் இதை மறுத்தார்: பல சமயம் சடங்குதான் அச்சத்தை உண்டாக்குகிறது, விதி மீறினால் தீங்கு வரும் என்ற பயம் சடங்கு இல்லாவிட்டால் எழவே எழாது. அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே சடங்கு செய்பவரை அறிவிலி என்று ஒதுக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: எந்த வேலைக்கு முன்னால் சாமி கும்பிடுகிறார்கள், எதற்குக் கும்பிடுவதில்லை?