அரண் காத்த தலைவர்: பில்லி மெக்னீலின் கால்பந்து வாழ்வு

முன்னுரை

கோட்டையைத் தாக்குவோர்க்கு உழிஞைப் பூவும், கோட்டையைக் காப்போர்க்கு நொச்சிப் பூவும் சூட்டியது தமிழர் போர் மரபு. புறப்பொருள் வெண்பாமாலை இவ்விரண்டையும் தனித்தனித் திணைகளாகப் பிரித்து இலக்கணம் வகுத்துள்ளது. தாக்குபவனைப் போலவே காப்பவனும் மறவன்; அவனுக்கும் சூடப் பூ உண்டு என்பதே அதன் கருத்தாகும். இன்றைய விளையாட்டு உலகமோ பெரும்பாலும் உழிஞையையே போற்றுகின்றது. கால்பந்தில் கோல் அடித்தவர் பெயரை மறுநாள் ஊரே சொல்கின்றது. விழவிருந்த கோலைத் தடுத்தவர் பெயர் ஆட்டக் குறிப்பில்கூட இடம்பெறுவது அரிது.

இந்நிலையில், பின்களத்தில் நின்று காத்ததனாலேயே தலைமை எய்தியவர் ஒருவரின் வாழ்வை ஆராய்வது பயனுடையதாகும். அவர் ஸ்காட்லாந்து நாட்டின் பில்லி மெக்னீல். கிளாஸ்கோ நகரின் செல்டிக் சங்கத்திற்காக 790 ஆட்டங்களில் ஆடிய நடுப் பின்களக் காவலர். அவர் பெற்ற புகழையும் அப்பணி கேட்கும் விலையையும் ஒருங்கே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கம் தோன்றிய வரலாறு

மெக்னீலை அறியுமுன் அவர் ஆடிய சங்கத்தை அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கத்தோலிக்க மக்கள் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் வறுமையில் வாடினர். அவர்தம் பிள்ளைகளின் பசியைப் போக்க நிதி திரட்டும் எண்ணத்துடன், வால்ஃபிரிட் என்னும் துறவியின் முயற்சியால் 1887ஆம் ஆண்டு செல்டிக் சங்கம் நிறுவப்பட்டது. பசித்த பிள்ளைக்கு ஒரு வேளை உணவு என்பதே அச்சங்கத்தின் முதற்கோலாக அமைந்தது எனலாம்.

ஒரு சிறுபான்மைச் சமூகம் தன் தேவைக்காகத் தொடங்கிய நிறுவனம் பிறருக்கும் தன் கதவைத் திறந்து வைத்தது என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அச்சங்கத்தைப் பெருமையின் உச்சிக்குக் கொண்டு சென்ற ஜாக் ஸ்டெய்ன், கத்தோலிக்கர் அல்லாத அதன் முதல் மேலாளர் ஆவார். அவர் உருவாக்கிய அணியில் இரு பிரிவினரும் தோளோடு தோள் நின்று ஆடினர். கல்கத்தாவின் முகம்மடன் ஸ்போர்ட்டிங் அணியைச் சேர்ந்த முகமது சலீம், 1936இல் காலணியின்றிக் காலில் துணிக்கட்டுடன் ஆடியதும் இச்சங்கத்தின் இரண்டாம் நிலை அணிக்காகவே. சிறுபான்மைச் சமூகம் நிறுவிய கல்லூரிகளில் அனைத்துச் சமய மாணவரும் ஒரே வகுப்பில் பயில்வதைக் காணும் நமக்கு இச்செய்தி அயலானதன்று.

பிறப்பும் இளமையும்

மெக்னீல் 1940 மார்ச் 2ஆம் நாள், சுரங்கங்களும் இரும்பாலைகளும் நிறைந்த லனார்க்ஷயர் மாவட்டத்தின் பெல்ஷில் என்னும் ஊரில் பிறந்தார். தாய்வழி முன்னோர் லித்துவேனியாவிலிருந்து குடியேறியவர்கள். தந்தை படைப்பணியில் இருந்தமையால் இளமையின் ஒரு பகுதி இங்கிலாந்தில் கழிந்தது. பின்னர்த் தாயகம் திரும்பி மதர்வெல் நகரில் பள்ளிக் கல்வி பயின்றார். ஸ்காட்லாந்து பள்ளி மாணவர் அணிக்காக அவர் இங்கிலாந்துக்கு எதிராக ஆடியதைக் கண்ட செல்டிக் வீரர் பாபி எவன்ஸ், அவரைத் தம் சங்கத்திற்குப் பரிந்துரைத்தார். 1957இல் சங்கத்தில் சேர்ந்த மெக்னீல், 1958 ஆகஸ்டில் முதன்மை அணியில் அடியெடுத்து வைத்தார்.

அக்காலத்தில் செல்டிக்கின் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தவர், முன்னாள் சுரங்கத் தொழிலாளியான ஜாக் ஸ்டெய்ன். உயரமும் மெலிவும் கொண்ட இளைஞர் மெக்னீலுக்குப் பந்தை எப்போது எதிர்கொள்வது, எப்போது பொறுத்திருப்பது என்பதைக் கற்பித்தவர் அவரே. நல்லாசிரியர் வாய்ப்பது எத்துறையிலும் பெரும்பேறு அன்றோ!

தோல்விகள் தந்த பயிற்சி

ஆயினும் வெற்றி உடனே வந்துவிடவில்லை. ஸ்டெய்ன் 1960இல் வேறு சங்கத்திற்குச் சென்றார். 1961ஆம் ஆண்டு ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டத்தில் செல்டிக் தோற்றது. தோற்கடித்ததோ அதே ஸ்டெய்ன் மேலாளராக இருந்த டன்ஃபர்ம்லின் அணி. அவ்வாண்டு ஏப்ரலில் மெக்னீல் தம் நாட்டுக்காக ஆடிய முதல் ஆட்டம் இலண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நிகழ்ந்தது. அதில் ஸ்காட்லாந்து 9-3 என்னும் கணக்கில் இங்கிலாந்திடம் வீழ்ந்தது. முதல் நாளிலேயே ஒன்பது கோல்களைக் கண்ட ஒரு பின்களக் காவலரின் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். 1963இல் மீண்டும் கோப்பை இறுதியாட்டம். மீண்டும் தோல்வி, இம்முறை நகரப் போட்டியாளரான ரேஞ்சர்ஸ் அணியிடம்.

ஏறத்தாழ ஏழாண்டுக் காலம் உள்நாட்டின் மூன்று முதன்மைப் போட்டிகளில் ஒன்றையேனும் அவர் வென்றதில்லை. எனினும் அவர் சங்கத்தை விட்டு அகலவில்லை. 1965 மார்ச்சில் ஸ்டெய்ன் மேலாளராகத் திரும்பினார். அடுத்த மாதமே கோப்பை இறுதியாட்டம், எதிரணி டன்ஃபர்ம்லின். கணக்கு 2-2 என்றிருக்க, ஆட்டம் முடிய ஏறத்தாழ ஒன்பது நிமிடங்களே எஞ்சியிருந்தன. மூலையிலிருந்து சார்லி கலஹர் உதைத்த பந்தை, பின்களத்திலிருந்து முன்னேறி வந்த மெக்னீல் தலையால் முட்டிக் கோலாக்கினார். பதினோராண்டுகளுக்குப் பின் ஸ்காட்டிஷ் கோப்பை செல்டிக்கிடம் வந்தது. அவ்வாண்டு முதன்முறையாக வழங்கப்பட்ட ஸ்காட்லாந்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

காவலின் இலக்கணம்

நடுப் பின்களக் காவலரின் பணி யாது? எதிரணியின் முன்கள ஆட்டக்காரரை மறித்தல், உயர வரும் பந்தைத் தலையால் வெளியேற்றல், தம் அணியின் பின்வரிசை கலையாமல் குரல் கொடுத்து நிறுத்தல் ஆகிய மூன்றும் அதன் அடிப்படைகளாம். மெக்னீல் வான்வழிப் பந்தில் வல்லவர். அவருக்குப் பக்கத்துணையாக நின்ற ஜான் கிளார்க், தரையில் ஊடுருவி வரும் பந்தை முன்னறிந்து துடைத்தெடுப்பவர். ஒருவர் குறையை மற்றவர் நிறைத்தமையால் அவ்வரண் உறுதி பெற்றது. இவ்வுறுதியே இரு பக்கக் காவலர்களும் அச்சமின்றி முன்னேறித் தாக்க வழி செய்தது. இதன் பயனை 1967இல் ஐரோப்பா கண்டது.

லிஸ்பன் வெற்றி

ஐரோப்பியக் கோப்பையின் கால் இறுதியில், யூகோஸ்லாவியாவின் வொய்வோதினா அணிக்கு எதிராக இறுதி நிமிடத்தில் மெக்னீல் தலையால் அடித்த கோலே செல்டிக்கைக் காப்பாற்றியது. 1967 மே 25ஆம் நாள் லிஸ்பன் நகரில் இறுதியாட்டம் நடைபெற்றது. எதிரணி, இருமுறை அக்கோப்பையை வென்றிருந்த இத்தாலியின் இண்டர் மிலான். அவ்வணியின் ஆட்டமுறைக்குக் ‘கதெனாச்சோ’ என்று பெயர். கதவின் தாழ்ப்பாள் என்பது அதன் பொருள். முதலில் ஒரு கோல் அடித்துவிட்டுப் பின் கதவை அடைத்துத் தாழிடுவதில் அவர்கள் தேர்ந்தவர்கள்.

ஏழாம் நிமிடத்தில் பெனால்டி உதையால் மிலான் முன்னிலை பெற்றுத் தாழிட்டது. செல்டிக் அயராது தாக்கியது. 63ஆம் நிமிடத்தில் வலப்பக்கக் காவலர் ஜிம் கிரெய்க் தந்த பந்தை இடப்பக்கக் காவலர் டாமி கெம்மல் தொலைவிலிருந்து உதைத்துக் கோலாக்கினார். இரு காவலர்கள் ஒருசேர முன்னேறியமையால் தாழ்ப்பாள் உடைந்தது என்பதையும், அவர்கள் முன்னேறுகையில் பின்னே மெக்னீலும் கிளார்க்கும் நின்றனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. 84ஆம் நிமிடத்தில் ஸ்டீவி சாமர்ஸ் இரண்டாம் கோலை அடித்தார். அக்கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் அணி என்னும் பெருமை செல்டிக்குக்கு உரியதாயிற்று.

அன்று ஆடிய பதினொருவரும் செல்டிக் மைதானத்திலிருந்து ஏறத்தாழ 30 மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள். மக்கள் வெள்ளம் மைதானத்தை நிறைத்தமையால் தோழர்கள் உடன்வர இயலவில்லை. தலைவர் மெக்னீல் தனியராய் மேடையேறிக் கோப்பையை உயர்த்திப் பிடித்தார். அக்காட்சியே 2015 டிசம்பரில் செல்டிக் மைதானத்தின் முன்பு சிலையாக எழுந்தது.

நிறைவும் பிற்பணியும்

1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் செல்டிக் நாட்டின் லீக் பட்டத்தை வென்றது. அவற்றுடன் ஏழு ஸ்காட்டிஷ் கோப்பைகளும் ஆறு லீக் கோப்பைகளும் மெக்னீல் ஈட்டியவை. 1970இல் மீண்டும் ஐரோப்பிய இறுதியாட்டத்தை எட்டி, நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் அணியிடம் தோற்றதும் உண்டு. நாட்டுக்காக 29 முறை ஆடினார். 1975 மே மாதம், கோப்பையை வென்ற நாளிலேயே, 35ஆம் வயதில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். பின்னர் மேலாளராகப் பல சங்கங்களில் பணியாற்றினார். செல்டிக் தன் நூற்றாண்டைக் கொண்டாடிய 1988ஆம் ஆண்டு, லீக் பட்டத்தையும் ஸ்காட்டிஷ் கோப்பையையும் ஒருசேரப் பெற்றுத் தந்தார்.

காவலுக்குக் கொடுக்கும் விலை

இதுகாறும் புகழைக் கண்டோம். இனி விலையைக் காண்போம். 2017இல் மெக்னீல் மறதி நோயால் பாதிக்கப்பட்டிருப்பதை அவர்தம் குடும்பத்தினர் வெளியிட்டனர். 2019 ஏப்ரல் 22ஆம் நாள், தம் 79ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவ்வாண்டு அக்டோபரில் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர் 7,676 பேரின் ஆவணங்களைப் பொதுமக்கள் 23,000 பேருடைய ஆவணங்களோடு அவ்வாய்வு ஒப்பிட்டது. ஆட்டக்காரர்கள் இதய நோயால் இறப்பது குறைவு. ஆனால் மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது ஏறத்தாழ மூன்றரை மடங்கு மிகுதி என்பது அதன் முடிவு. 2021இல் வெளிவந்த தொடராய்வு மேலும் ஓர் உண்மையை உணர்த்தியது. ஆட்டக்காரருள் மிகுந்த இடருக்கு ஆளானோர் பின்களக் காவலரே. அவர்க்கு அவ்விடர் ஏறத்தாழ ஐந்து மடங்கு. பந்தைத் தலையால் முட்டும் தேவை குறைந்த கோல் காப்பாளர்களுக்கோ அது பொதுமக்களின் அளவிலேயே இருந்தது.

ஒரு தனி மனிதரின் நோய்க்கு இதுவே காரணம் என்று அறுதியிட்டுக் கூறுதல் ஆய்வு நெறியன்று. எனினும் கோப்பைகளைக் கொணர்ந்த அதே தலையின் நினைவு இறுதியில் மங்கியது என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் கனக்கின்றது. இவ்வுண்மைகளை உணர்ந்து 2020இல் ஸ்காட்டிஷ் கால்பந்துக் கழகம், 12 வயதுக்குட்பட்ட சிறுவர் பயிற்சியின்போது பந்தைத் தலையால் முட்டலாகாது எனக் கூறியது. 2022 நவம்பரில், தொழில்முறை அணிகளும் போட்டிக்கு முதல் நாளும் மறுநாளும் அப்பயிற்சியைத் தவிர்க்க வேண்டும் என விதித்தது.

முடிவுரை

மெக்னீலின் வாழ்வு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகின்றது. ஒன்று, காவல் என்பது தாழ்ந்த பணியன்று. பின்னே ஒருவர் உறுதியாக நிற்பதனாலேயே முன்னே செல்வோர் அச்சமின்றிச் செல்கின்றனர். நூலகத்தில் நூல்களைக் காப்பவரும், விடுதியில் பிள்ளைகளைக் காப்பவரும், நிறுவனத்தின் கணக்கைத் தூய்மையாகக் காப்பவரும் நொச்சி சூடத் தக்கவரே. மாணவச் செல்வங்கள் தமக்குப் பின்னே நிற்போரை நன்றியுடன் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

மற்றொன்று, காத்தவரைக் காப்பது காக்கப்பட்டோரின் கடமை. ஏழைப் பிள்ளைகளின் பசி தீர்க்கப் பிறந்த ஒரு சங்கத்தின் வரலாற்றில் இப்பாடம் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுள்ளது. சிலை எழுப்புவது சிறப்பே. அதனினும் சிறந்தது, உழைத்து ஓய்ந்தவரின் முதுமைக்குத் துணை நிற்பதும், நாளைக் களமிறங்கும் சிறுவரின் நலத்தை இன்றே பேணுவதுமாம். நம் கையில் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் ஓர் அமானிதம். நம்மை வளர்த்து ஓய்ந்த ஒவ்வொரு பெரியவரும் அவ்வாறே. அவ்விரு அமானிதங்களையும் பேணிக் காக்கும் உறுதியை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!