தாத்தா வாட்ச்சுக்கு எந்தப் பட்டை? 13 குறிப்புகள்

புதுச்சேரி வீட்டு பீரோக்களில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஓடாமல் கிடக்கும் சாவி கொடுக்கிற வாட்ச் ஒன்று கண்ணில் படலாம். பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்த தாத்தாவின் ‘லிப்’பாக அது இருக்கும். 1867-ல் பிரான்சின் பெசன்சோன் நகரில் தொடங்கிய நிறுவனம் அது. இல்லையென்றால் அப்பாவுக்குக் கல்யாணத்தில் போட்ட எச்.எம்.டி.யாக இருக்கும். 1961-ல் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் வாட்ச் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது.

இந்த வாட்ச்களின் கேஸ் கெட்டுப்போனால் அதே கேஸ் மறுபடி கிடைப்பது அரிது. பட்டை எப்போதும் கிடைக்கும். ஆகவே தேய வேண்டியது பட்டை; தேயக் கூடாதது கேஸ். கடல் காற்றும் வியர்வையும் விடாத நம் ஊரில், பட்டை வாங்கும் ஒவ்வொரு முறையும் இதை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள்.

1. அளவெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பட்டையைப் பிடித்துக்கொள்ள கேஸிலிருந்து நீளும் இரண்டு கொம்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் பட்டையின் அகலம். ஒரு துண்டுக் காகிதத்தை அந்த இடைவெளிக்குச் சரியாக மடித்து ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். பழைய ஆண்கள் வாட்ச்களில் 16, 17, 18 மி.மீ. அதிகம். இன்றைய வாட்ச்களுக்கு வரும் 20, 22 மி.மீ. பட்டைகள் இவற்றுக்குப் பொருந்தாது. பழைய பட்டையை அளந்து வாங்காதீர்கள். அதுவே தவறான அளவாக இருந்திருக்கலாம்.

2. 17-க்கு 17 தான். கடையில் 17 இல்லையென்றால் 18-ஐ அமுக்கி மாட்டிக் கொடுப்பார்கள். ஓரம் நசுங்கி, தையல் சீக்கிரம் பிரிந்துவிடும். 16 போட்டால், பட்டையைத் தாங்கும் ஸ்பிரிங் பின் இரு பக்கமும் வெளியே தெரியும். பட்டை இடம் வலமாக ஆடி ஆடிப் பின்னைத் தேய்க்கும். பொறுத்திருந்து சரியான அளவை வரவழைத்து வாங்குங்கள்.

3. மெல்லிய பட்டையாகப் பாருங்கள். இந்த வாட்ச்கள் சிறியவை, தட்டையானவை. எச்.எம்.டி. ஜனதாவின் கேஸ் குறுக்களவு சுமார் 35 மி.மீ. தான். இவற்றுக்கு 2 மி.மீ. கனமுள்ள பட்டை அழகாக உட்காரும். பஞ்சு வைத்துத் தைத்த தடித்த பட்டை கேஸை உரசும். டயலைவிடப் பட்டைதான் கண்ணுக்குத் தெரியும். பக்கிள் பக்கம் 2 மி.மீ. குறுகி வரும் பட்டை பழைய வாட்ச்சுக்கு எடுப்பாக இருக்கும்.

4. பட்டையோடு ஸ்பிரிங் பின்னையும் மாற்றுங்கள். வாட்ச் கீழே விழுவது பெரும்பாலும் பட்டை அறுந்து அல்ல, பின் விட்டுப்போய்த்தான். உப்பும் வியர்வையும் பின்னுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். புதுப் பின் ஒரு டீ காசுக்குச் சற்று மேலே இருக்கும், அவ்வளவுதான். மாட்டியபின் பட்டையை லேசாக இழுத்துப் பாருங்கள். பின்னின் நுனி இரு பக்கமும் துளைக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

5. பின் கழலாத வாட்ச்சை நெம்பாதீர்கள். மிகப் பழைய சில வாட்ச்களில் பின்னுக்குப் பதில் கம்பியையே கொம்போடு பற்றவைத்திருப்பார்கள். அதற்கு, முனை திறந்திருந்து, கம்பியைச் சுற்றி மடித்து ஒட்டும் பட்டை தேவை. கம்பிக்கு அடியில் நுழைத்து இழுக்கும் ஒற்றை நைலான் பட்டையும் பொருந்தும். கத்தி முனையால் நெம்பினால் கொம்பு உடையும்.

6. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கிடைத்தால் விடாதீர்கள். திண்டுக்கல், திருச்சி வட்டாரத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் முறை நெடுங்காலமாக இருந்தது. ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற அந்தத் தோலுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இப்படித் தாவரச் சாற்றில் பதனிட்ட தோல் வியர்வையை உறிஞ்சும். நாள்பட நிறம் கறுத்து மெருகேறும். குரோமில் பதனிட்ட தோல் இன்னும் மிருதுவானது. ஈரத்தை ஓரளவு தாங்கும். குரோமியம் ஒத்துக்கொள்ளாமல் மணிக்கட்டில் அரிப்பு வருகிறவர்களுக்குத் தாவரத் தோலே நல்லது. 1978-ல் தோல் பை நிறுவனமான ஹைடிசைன் தொடங்கிய ஊர் நம் புதுச்சேரி. தோல் பை தைக்கிறவர்களிடம் பட்டையின் மாதிரியைக் கொடுத்து, மீந்த துண்டில் தைத்துத் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

7. அசல் தோலா என்று சோதியுங்கள். நேரு வீதிக் கடையானாலும், காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையானாலும், பட்டையின் பின்னால் இருக்கும் முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். பட்டையை வளைத்துப் பாருங்கள். தோலில் நுண்ணிய சுருக்கம் விழுந்து மறையும்; ரெக்சினில் கோடு அப்படியே நிற்கும், அல்லது மேல்பூச்சு வெடிக்கும். ஓட்டைகளின் உள்ளோரத்தையும் பாருங்கள். அட்டையோ துணியோ தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேலே தோல், உள்ளே ரெக்சின் என்றால் நம் ஊர் வியர்வைக்கு முதலில் உரிவது அந்த உள்பக்கம்தான்.

8. உடும்புத் தோல், முதலைத் தோல் கேட்காதீர்கள். பழைய வாட்ச்சுக்குச் செதில் போட்ட பட்டை பொருத்தம் என்பது உண்மைதான். ஆனால் நம் உடும்பும் முதலையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருக்கின்றன. மாட்டுத் தோலில் அச்சழுத்திய செதில் பட்டை அதே தோற்றத்தைத் தரும். அந்த உயிர்கள் காட்டிலேயே இருக்கட்டும்.

9. டயலைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுங்கள். வெள்ளையாக இருந்து சந்தன நிறத்துக்குப் பழுத்த டயலுக்கும், தங்க முலாம் கேஸுக்கும் தேன் நிறமோ காப்பி நிறமோ சேரும். கறுப்பு டயல் கொண்ட எச்.எம்.டி. பைலட்டுக்குக் கறுப்பு, கரும்பழுப்பு இரண்டும் எடுக்கும். வெள்ளி நிறக் கேஸுக்குச் சாம்பலும் கருநீலமும் நன்றாக இருக்கும். பளபளக்கும் புதுத் தோல் பழைய டயலை மங்கலாகக் காட்டும். மெருகு குறைந்ததாக எடுங்கள். பக்கிளும் கேஸும் ஒரே நிறமாக இருக்கட்டும்.

10. சித்திரை, வைகாசிக்கு ஒரு நைலான் பட்டை. பின்னல் நைலான் பட்டையைக் கழற்றிச் சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி மறுபடி மாட்டலாம். வாட்ச்சின் அடியில் ஒரே மடிப்பாகப் போகும் பட்டையாக வாங்குங்கள். 1973-ல் பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறை வகுத்த அளவில் வந்த ‘நேட்டோ’ பட்டை கேஸுக்கு அடியில் இரண்டு மடிப்பாகப் போவதால் சின்ன வாட்ச் கையில் தூக்கிக்கொண்டு நிற்கும். அதில் ஒரு நன்மையும் உண்டு: ஒரு பின் விட்டுப்போனாலும் வாட்ச் கையிலேயே தொங்கும்.

11. நீளத்தை மதியத்தில் பாருங்கள். வெயில் நேரத்தில் மணிக்கட்டு சற்றுப் பருக்கும். காலையில் இறுக்கமாகப் பொருந்தியது மதியம் பிடிக்கும். பட்டைக்கு அடியில் சுண்டுவிரல் நுழையும் தளர்வு போதும். பக்கிள் பக்கம் 75, ஓட்டைப் பக்கம் 115 மி.மீ. என்பது பலருக்கும் பொருந்தும் நீளம். நடு ஓட்டையில் மாட்டும்படி எடுத்தால் இரு பக்கமும் இடம் இருக்கும். ஆணியைக் காய்ச்சி வீட்டில் ஓட்டை போடாதீர்கள். தோல் கருகிக் கிழியும். இழுத்தால் விரியும் ஸ்பிரிங் செயினைப் பழைய வாட்ச்சுக்கு மாட்டவே வேண்டாம். அதன் முனை கொம்பின் உள்பக்கத்தை அரித்துப் பள்ளமாக்கும்.

12. மாதம் ஒருமுறை பட்டையைக் கழற்றுங்கள். முலாம் பூசிய பித்தளைக் கேஸாக இருந்தால் கொம்புகளுக்கு நடுவே, பின் துளையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். கேஸைத் தின்பது அதுதான். மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் தண்ணீர் தொடாமல் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வந்தாலும் ஒருமுறை துடைத்து வைப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோலில் பூஞ்சணம் பூக்கும். பிளாஸ்டிக் உறையில் மூடாமல், சிலிக்கா பொட்டலத்தோடு துணிப்பையில் வையுங்கள். பூஞ்சணம் வந்தால் துடைத்து நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் போட்டால் தோல் விறைக்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் அழுக்கை இழுக்கும்.

13. பழைய பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். லிப், எச்.எம்.டி. என்று பெயர் பொறித்த பக்கிள் அதில் இருக்கலாம். அளவு சேர்ந்தால் அதைக் கழற்றிப் புதுப் பட்டையில் போட்டுக்கொள்ளலாம். வாட்ச் பெட்டிக்குள் ஒரு சீட்டும் எழுதி வையுங்கள்: வாட்ச் யாருடையது, எந்த வருடம் வாங்கியது, பட்டையின் அகலம் எவ்வளவு, கடைசியாகப் பின் மாற்றியது எப்போது. உங்களுக்குப் பிறகு அதைக் கையில் கட்டப்போகிற பிள்ளைக்கு அளவு தேடி அலையும் வேலை மிச்சம். கேஸும் முழுசாகப் போய்ச் சேரும்.