வாயால் பிழைக்கிற வேலையா?

ஏ.எல். முடித்த மகனைப் பொதுசனத் தொடர்புத் துறைக்கு அனுப்பலாமா என்று வியாபாரிகள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. "வாயால் பிழைக்கிற வேலைதானே" என்ற இளக்காரமும் அக்கேள்வியில் ஒட்டியிருக்கும்.

இத்தொழிலின் முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்கரான ஐவி லீ. நியூயோர்க்கில் பத்திரிகை நிருபராகத் தொடங்கியவர். நிருபர்களுக்கு எது தேவை என்பது அங்கேயே அவருக்குப் பாடமாயிற்று. 1906 ஒக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் அதிகமானோர் மாண்டனர். விபத்தென்றால் வாயை மூடிக்கொள்வதே அக்கால ரயில் கம்பனிகளின் வழக்கம். லீயோ நடந்ததை எழுதிக் கம்பனியின் பெயராலேயே பத்திரிகைகளுக்குக் கொடுக்கவைத்தார்.

அதே மனிதர் 1914இல் சறுக்கினார். கொலராடோ நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது ரொக்பெல்லர் தரப்புக்காக அவர் வெளியிட்ட பிரசுரங்களில், தொழிற்சங்கத் தலைவர்களின் சம்பளம் பல மடங்கு கூட்டிச் சொல்லப்பட்டிருந்தது. நிர்வாகம் தந்ததைச் சரிபார்க்காமல் போட்டதாக விசாரணைக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். எழுத்தாளர் அப்டன் சிங்ளேயர் அவருக்குச் சூட்டிய 'பொய்சன் ஐவி' என்ற பட்டம் (தொட்டால் அரிக்கும் ஒரு கொடியின் பெயர் அது) கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

ஆகவே பையனுக்கு முதலில் தேவை பேச்சல்ல, நல்ல எழுத்து. மும்மொழியும் தெரிந்தால் நம் நாட்டில் பெரிய பலம். பத்திரிகை அலுவலகமொன்றில் ஓரிரு வருடம் கிடந்து வரட்டும். சம்பளம் சொற்பம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு கம்பனியொன்றில் சேரும்போது ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: கெட்ட செய்தி வரும் நாளில் கணக்கையும் களஞ்சியத்தையும் தன் கண்ணால் பார்க்க அவனை விடுவார்களா? இவ்வேலையில் மனம் நிறைவதும் வெறுத்துப்போவதும் அதில்தான். முதலாளி மழுப்பினால் வேறிடம் பார்க்கட்டும்.