மூளையையும் தொடும் எச்.ஐ.வி.

எச்.ஐ.வி. என்றதும் உடல் மெலிவதும் காய்ச்சலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அது மூளையையும் நரம்புகளையும் தாக்கும் என்பது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் நம் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரிவதில்லை.

கிருமி உடலில் புகுந்த சில வாரங்களிலேயே மூளைக்கும் போய்விடுகிறது. வெள்ளை அணுக்களுக்குள் ஒளிந்துகொண்டு, மூளையைக் காக்கும் தடுப்பைக் கடக்கிறது. அங்கே அது தங்குவது நரம்பு அணுக்களில் அல்ல, மூளையின் காவல் அணுக்களில். அவை கக்கும் நச்சுப் பொருள்களாலும் அழற்சியாலும் பக்கத்திலுள்ள நரம்பு அணுக்கள் கெடுகின்றன.

விளைவு மெதுவாகத்தான் தெரியும். கடையில் கணக்குப் பார்ப்பவர் மீதிச் சில்லறை கொடுப்பதில் தடுமாறுவார். பேச்சும் நடையும் மந்தமாகும். தொழுகையில் ரக்அத் எண்ணிக்கை தவறும். (இது எல்லோருக்கும் நேர்வதுதான், புதிதாக வந்து விடாமல் தொடர்ந்தால் கவனியுங்கள்.) பாதங்கள் எரியும், மரத்துப்போகும். இதைச் சர்க்கரை நோய் என்றே பலர் விட்டுவிடுகிறார்கள்.

எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தபின் வருவது வேறு வகை. காசநோய்க் கிருமியும் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையும் மூளை உறையைத் தாக்கும். டாக்ஸோபிளாஸ்மா என்னும் கிருமி வலிப்பையும் பக்கவாதத்தையும் கொண்டுவரும். விடாத தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, சம்பந்தமில்லாத பேச்சு. இவற்றைக் கண்டதும் சூனியம், சைத்தான் என்று தாயத்துக் கட்டி நாளைக் கடத்துகிறார்களே, அதுதான் எங்களுக்குக் கவலை. துஆ செய்யுங்கள்; அன்றே மருத்துவமனைக்கும் அழைத்துப் போங்கள். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. தாமதம்தான் உயிரை எடுக்கிறது.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது இதற்கு மருந்து இல்லை. 2004 ஏப்ரல் முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. தவறாமல் சாப்பிடுவோரிடம் கிருமி அடங்குகிறது. முற்றிய மறதிநோய் இன்று அரிது. லேசான மறதி சிலருக்கு இருக்கலாம். ஆனால் மறதி உள்ளவர் மாத்திரையையும் மறப்பார். அவர் வேளை தவறாமல் சாப்பிடுகிறாரா என்று வீட்டிலுள்ளோர்தான் பார்க்க வேண்டும். நோன்பு மாதத்தில் எந்த வேளைக்குச் சாப்பிடுவது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். நோன்பைச் சொல்லி மாத்திரையை நிறுத்தவே கூடாது.

அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். சம்மதமின்றி முடிவை வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. விவரம் கேட்க 1097 என்ற எண்ணுக்குப் பேசலாம். ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிடுவதால் இது தொற்றாது. அவருக்கென்று தனித்தட்டு வைக்க வேண்டாம்.