தங்க யாட்-மாஸ்டர் ஏலத்துக்கு வந்தால்

பாய்மரப் படகுப் பந்தயத்துக்கென்றே ரோலெக்ஸ் 2007இல் கொண்டுவந்த கைக்கடிகாரம் யாட்-மாஸ்டர் 2. விட்டம் 44 மில்லிமீட்டர். முதலில் தங்கத்தில் மட்டும்தான் வந்தது: நீலப் பீங்கான் வளையத்தோடு மஞ்சள் தங்கம், பிளாட்டினம் வளையத்தோடு வெள்ளைத் தங்கம். எஃகு மாடலுக்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024இல் இந்த மாடல்களின் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இவை வேண்டுமென்றால் பழைய கடிகாரச் சந்தை, இல்லையேல் ஏலம்.

செய்ய வேண்டியவை

● ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் கவுன்ட்டவுனை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இந்தக் கடிகாரத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஓட்டப்பந்தய வீரரைப்போலக் கோட்டில் கால் ஊன்றி நிற்கப் பாய்மரப் படகால் முடியாது. காற்றோடு சுற்றிச் சுற்றி வந்து, புறப்பாட்டுச் சைகை எழும் கணத்தில் கோட்டைத் தாண்ட வேண்டும். வழக்கமாக 5 நிமிடம் முன்னால் முதல் எச்சரிக்கை, 4 நிமிடத்தில் அடுத்தது, ஒரு நிமிடத்தில் இன்னொன்று. முந்திக்கொண்ட படகு திரும்பிப் போய் மறுபடி வர வேண்டும்.

அதற்காக, 1 முதல் 10 நிமிடம் வரை முன்கூட்டியே அமைக்கும் வசதி இதில் உண்டு. வெளி வளையத்தை இடப்பக்கம் கால் வட்டம் திருப்பி, கீழ்ப் பொத்தானை அமுக்கி, சாவித் திருகால் நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து, வளையத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் எத்தனை முறை ஓட்டினாலும் முள் அதே நிமிடத்துக்குத் திரும்பும். அவசரத்தில் சில விநாடி தவறி ஓடவிட்டீர்களா? ஓடும்போதே கீழ்ப் பொத்தானை அமுக்கினால், அருகிலுள்ள முழு நிமிடத்துக்கு முள் தானாகத் தாவும். இவை ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள். வளையம் இறுகினாலோ, முள் நிமிடக் கோட்டுக்குச் சற்றுத் தள்ளி நின்றாலோ பழுதுபார்க்கும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

● நிலை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எப்போது சர்வீஸ் ஆனது, எந்த உதிரி மாறியது, உத்தரவாத அட்டை இருக்கிறதா, கண்ணாடிக்கு உள்விளிம்பில் பொறித்த எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றா?

● 750 முத்திரையைத் தேடுங்கள். நம் நகைக்கடை 916 பழக்கத்தில் ‘இது மாற்றுக் குறைந்த தங்கம்’ என்று முகம் சுளிக்க வேண்டாம். 18 காரட் என்பதற்கான எண் அது.

● செய்கூலி, சேதாரம்போல இங்கேயும் ஒன்று உண்டு: வாங்குபவர் கட்டணம். நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017இல் நியூயார்க்கில் ஏலம் போனபோது சுத்தியல் விழுந்தது 1.55 கோடி டாலரில். வாங்கியவர் கட்டியது ஏறத்தாழ 1.775 கோடி. பெரிய தொகைக்குக் கட்டண விகிதம் குறையும். சாதாரண ஏலப் பொருளுக்குக் கால் பங்கை ஒட்டி வரும். ஜெனீவாவில் வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவருவதென்றால் சுங்க வரியையும் முன்பே விசாரியுங்கள்.

செய்யக்கூடாதவை

● பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். 1992இல் தங்கத்தில் வந்த வெறும் யாட்-மாஸ்டர் வேறு கடிகாரம்; அதில் கவுன்ட்டவுன் கிடையாது. முகப்பில் ரோமன் இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

● கிராம் கணக்கில் விலை போடாதீர்கள். உருக்கினால் கிடைப்பது ஒரு தொகை, கட்டிக்கொண்டு நடந்தால் வேறு.

● மினுமினுப்பை நம்பாதீர்கள். தங்கம் மென்மையானது, ஒவ்வொரு பாலிஷும் கொஞ்சம் சுரண்டும். பட்டை சேரும் காதுகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் பலமுறை தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சின்னக் கீறலோடு கூர்மையான விளிம்பு இருந்தால், என்னைக் கேட்டால், அதையே எடுப்பேன். பீங்கான் வளையம் நேர்மாறு: கீறல் விழாது, இடிபட்டால் சில்லு தெறிக்கும்.

● வாங்கிய கையோடு கடலில் இறங்காதீர்கள். 100 மீட்டர் நீர்க்காப்பு என்பது புதிதில் கொடுத்த வாக்கு. தண்ணீர் புகாது என்று ஏல நிறுவனம் உறுதி தராது. நீர்க்காப்புச் சோதனை முடிந்த பிறகே படகேறுங்கள்.

● மதிப்பீட்டுத் தொகையை விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் வாங்குபவர் கட்டணம் சேராது.

● எதிராளி கை தூக்குகிறாரே என்று நீங்களும் தூக்காதீர்கள். உச்ச வரம்பைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள். ‘இரண்டு தரம்’ என்று கேட்கும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.