எட்டாவது வீடு, அதே வேல்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

இன்னைக்குப் பாடம் கொஞ்சம் வீட்டு விஷயம். வாடகை வீட்ல இருக்கிறவங்க, வேலைக்காக ஊர் ஊரா மாறுறவங்க பொறுமையா படிங்க.

போன தை மாசம் நாங்க எட்டாவது வீட்டுக்கு மாறினோம். பத்து வருஷத்துல எட்டு! ஒரு ஓனர் பையனுக்குக் கல்யாணம்னு காலி பண்ணச் சொன்னாரு. ஒரு இடத்துல கோடை வந்தா போர்ல தண்ணி வராது. ரெண்டு தடவை எனக்கு டிரான்ஸ்ஃபர். எனக்கும் என் மனைவிக்கும் இது பழகிப்போச்சு. எப்படியும் திரும்பக் கட்டணும்தானேன்னு சில அட்டைப்பெட்டிய பிரிக்கிறதே இல்ல. மூணு வீடா கயிறு அவிழ்க்காத பெட்டி ஒண்ணு எங்ககிட்ட இருந்துச்சு.

புது வீட்டுக்கு வந்து மூணாவது வாரம். ராத்திரி சாப்பிட்டதும் எங்க நாலு வயசுப் பொண்ணு செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல போய் நின்னா. "அப்பா, வீட்டுக்குப் போலாமா?"ன்னு கேட்டா. இதுதாண்டா கண்ணு நம்ம வீடுன்னேன். "இல்ல, இது பெட்டி வீடு"ன்னு சொல்லிட்டு செருப்பைக் கழட்டவே இல்ல. அப்படியே தூங்கிட்டா. எனக்குத்தான் தூக்கம் வரல.

அப்போதான் நாம தினமும் சொல்ற ஒரு வார்த்தை புதுசா பட்டுது. படைவீடு. போருக்குப் போற ராஜா படையோட தங்குற பாசறைக்குத்தான் அந்தப் பேரு. அதாவது, நிரந்தரமா இருக்கக் கட்டின அரண்மனை இல்ல. சூரபத்மனோட போர் செய்யப் போனப்ப முருகன் பாசறை அமைச்ச இடம்னு திருச்செந்தூரைச் சொல்றோம். பழத்துக்காகக் கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டு வந்து நின்ன இடம் பழனி. கோபம் தணிஞ்ச இடம் திருத்தணி. வந்து தங்கின இடத்தையெல்லாம்தான் நாம அவனோட 'வீடு'ன்னு கும்பிடுறோம்!

இன்னொண்ணு. நக்கீரர் பாடின திருமுருகாற்றுப்படை 317 அடி. அதுல அஞ்சாவதா வர்றது 'குன்றுதோறாடல்'. இன்னைக்கு அதைத் திருத்தணின்னு சொல்றோம். ஆனா அந்தச் சொல்லுக்கு ஒரே ஊர்னு அர்த்தம் இல்ல, குன்று ஒவ்வொண்ணுலயும் ஆடுறதுன்னு அர்த்தம். அங்க குறவர் மக்கள் குரவை ஆடுவாங்க, அவனும் கூட ஆடுவான். கடைசிப் பகுதியில காடு, ஆறு, குளம், நாலு தெரு கூடுற சந்தி, ஊர்ப் பொதுவிடம்னு அவன் இருக்கிற இடமா ஒரு பெரிய வரிசையே வருது. மலேசியா போன நம்மாளுங்களையும் நினைச்சுப் பாருங்க. பத்துமலைக் குகை வாசல் வேல் மாதிரி தெரிஞ்சதாலதான் தம்புசாமி பிள்ளை அங்க வேலை நாட்டினார்னு சொல்வாங்க. 1892-லேருந்து அங்க தைப்பூசம் நடக்குது. பெரிய கோபுரத்தோட ஆரம்பிக்கல. முதல்ல ஒரு வேல்தான்.

எங்க வீட்லயும் ஒரு சின்ன பித்தளை வேல் உண்டு, அம்மா கொடுத்தது. அது எங்க இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க? அந்தப் பிரிக்காத பெட்டியில! சொல்லவே வெட்கமா இருக்கு. பால் காய்ச்சின அன்னைக்கு உப்பு, மஞ்சள், சாமி படம் எல்லாம் முறையா முதல்ல உள்ள வந்துச்சு. படத்தை ஜன்னல் திண்டுல சாய்ச்சு வெச்சுட்டு ஆபீஸ் ஓடிட்டோம், அதோட சரி. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு ஓனர் கண்டிப்பா சொல்லியிருந்தாரு, அதையே சாக்கா வெச்சுக்கிட்டோம். ஒட்டுற ஹூக் ஒண்ணு வாங்கி மாட்டினேன், அது ரெண்டே நாள்ல விழுந்துடுச்சு. கண்ணாடி போட்ட படத்துக்கு அதை நம்பாதீங்க.

மறுநாள் லீவு போட்டேன். வேற எதையும் தொடாம முதல்ல அந்தப் பெட்டியப் பிரிச்சோம். ஒரு கிண்ணம் நிறைய பச்சரிசி போட்டு, அதுல வேலை நட்டோம். இதுக்கு ஆணியும் வேணாம், ஓனர் பெர்மிஷனும் வேணாம். அரிசி போடுறது பொண்ணு வேலை. செவ்வாய்க்கிழமைதோறும் பழைய அரிசியப் பொங்கல்ல போட்டுட்டு புதுசு மாத்துறதும் அவதான், பாதி தரையில கொட்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கு. நான் லேட்டா வர்ற நாள்ல அவளும் அவங்கம்மாவும் ஏத்திடுவாங்க.

வேல் வெச்சதும் எல்லாம் சரியாயிடுச்சுன்னு கதை விட மாட்டேன். அவளோட பொம்மை டப்பாவையும் பழைய போர்வையையும் தேடி எடுத்துக் கொடுத்தது பாதி வேலை செஞ்சுது. வாசல்ல கோலம் போட ஆரம்பிச்சதும் எதிர்வீட்டுப் பாட்டி பேச ஆரம்பிச்சாங்க. இவ அவங்க வீட்டு ஊஞ்சலைக் கண்டுபிடிச்சிட்டா. இன்னமும் பழைய வீட்டுப் பூனையக் கேட்கிறா. செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறது மட்டும் நின்னுபோச்சு.

பதினோரு மாச அக்ரிமென்ட் மார்கழியில முடியுது. மார்கழியில யாரும் வீடு மாற மாட்டாங்க, அதனால தை வரைக்கும் பயமில்ல. ஓனர் இன்னும் எதுவும் சொல்லல. இப்போ எங்ககிட்ட பிரிக்காத பெட்டி ஒண்ணுகூட இல்ல.

வேலும் மயிலும் துணை.